உதைக்கு முன் மூன்று கேள்விகள்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில், சிறு வகுப்புப் பிள்ளைகள் இருநூறு பேருக்கும் மேல் இரண்டு பிரிவானார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பி.டி. வகுப்பு, மற்றதற்கு டேக்வாண்டோ. மூன்று மாதம் போனது. தற்காப்புக் கலை பயின்றவர்களிடம் கவனமும் பொறுமையும் கூடுதலாக வளர்ந்திருந்தன. மனக்கணக்கில்கூட முன்னேற்றம்! ஆய்வாளர்கள் லேக்ஸும் ஹோய்ட்டும் 2004-இல் இதை வெளியிட்டார்கள்.

அங்கே உதைக்க மட்டும் சொல்லித்தரவில்லை. எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். பலனுக்கு வேர் அதுதான் என்றே தோன்றுகிறது.

பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்றுத்தருவதற்கு நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் வடகராவில் மீனாட்சியம்மா ஏழு வயதில் களரி என்னும் தற்காப்புக் கலையைப் பழகத் தொடங்கினார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது; அப்போதும் அவர் ஆசான்தான். அவருடைய பயிற்சிக்கூடத்தில் சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்தே பயில்கிறார்கள். கட்டணம் கிடையாது, குருதட்சிணை மட்டும்.