ஊர்க்காவலும் இளையோர் நல்வாழ்வும்

(கொல்லிமலை மக்கட்கான உரை)

 

'காவல்' என்னும் சொல் 'கா' என்னும் வேரடியாகப் பிறந்தது. காத்தலே அதன் பொருள், அச்சுறுத்தல் அன்று. கள்வனைப் பிடிப்பது மட்டுமே காவலாகாது. ஊர்ப்பிள்ளை தீயவழியில் முதலடி வைக்குமுன் கைபற்றி நிறுத்துவதே முதற்காவல்.

இது தமிழர்க்குப் புதிதன்று. நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவந்த ஊர்காப்பாளரை மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. ஊர்க்காவற்கென மக்கள் இறுத்த 'பாடிகாவல்' வரியைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தன் காவற்கு ஊரே பொறுப்பேற்ற காலம் அது.

வெள்ளையன் அதனைக் குலைத்தான். 1871இல் அவன் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப்பின் தமிழகத்திலும் பாய்ந்தது. ஊர்க்காவலையே தொழிலாகக் கொண்டிருந்த பிறமலைக் கள்ளரையும் அது பிறவிக் குற்றவாளிகளாக்கியது. 1920 ஏப்பிரல் 3இல், கைவரி பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 'கள்வன்' எனப் பெயர் சூட்டுவதால் களவு ஒழியாது; திருந்தும் வழிதான் அடைபடும்.

விடுதலைக்குப் பின்னரும் மக்களையும் காவலரையும் இணைக்கும் முயற்சி எழாமலில்லை. 1993இல் இராமநாதபுரத்தில், காவல் அதிகாரி பிரதீப் பிலிப்பு 'காவலர் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். நோக்கம் நன்று. ஆயினும், 2020 சூனில் சாத்தான்குளத்தில் கடை திறந்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டனர். காவலர் ஒன்பதின்மர்மேல் நடுவணரசுப் புலனாய்வுத்துறை கொலைக்குற்றம் சாற்றியது. அவ்வதையில் நண்பர் அமைப்பினர்க்கும் பங்குண்டெனக் குற்றச்சாட்டு எழவே, அவ்வாண்டு சூலையில் அரசு அவ்வமைப்பைத் தடைசெய்தது. கோவலனை ஆராயாது கொன்றமைக்காக மதுரை எரிந்த கதையைப் போற்றும் நாட்டிலன்றோ இது நிகழ்ந்தது!

இதனால் அறியத்தக்கது யாது? ஊர்த்தொண்டன் ஊரின் கண்ணாக இருத்தல் வேண்டும். காவல்நிலையத்தின் கைத்தடியாக மாறுதல் கூடாது. தடியேந்தும் உரிமை சட்டத்திற்குக் கட்டுப்பட்டோர்க்கே உரியது. அவர்களும் மக்கட்கு விடைகூறக் கடமைப்பட்டோரே.

பதினெட்டு அகவை நிரம்பாதாரைக் காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைத்தல் கூடாதென்றும், இருபத்துநான்கு மணி நேரத்துள் சிறார் வாரியத்தின்முன் நிறுத்த வேண்டுமென்றும் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் சட்டம் கூறுகின்றது. ஒவ்வொரு காவல்நிலையத்திலும் குழந்தைநலக் காவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யாரென எத்தனை பெற்றோர் அறிவர்? உரிமை ஏட்டில் உறங்குமாயின் பிள்ளை கொட்டடியில் உறங்க நேரும்.

கொல்லிமலையின் பதினான்கு ஊராட்சிகளும் 'நாடு' என்னும் பழம்பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. கூடிப்பேசி வழக்குத் தீர்க்கும் மரபு இம்மலைக்கு உண்டு. அக்கூட்டம் குற்றம் நிகழ்ந்தபின் கூடுவதினும், பள்ளியினின்று நின்ற பிள்ளை யார், சாராய ஊறலுக்கு விறகு சுமக்கும் சிறுவன் யார் என முன்னரே வினவுதல் நன்று. மிளகு திருடிய சிறுவனை மரத்திற் கட்டி அடித்தால் அவன் ஊரை வெறுப்பான். வீட்டில் உலை எரிந்ததா எனக் கேட்டால் ஊரைத் தன்னதென்பான்.

வல்வில் ஓரி விழாவில் ஆடித்தோறும் விற்போட்டி நடைபெறுகின்றது. ஈராறு திங்களும் அவ்வில் இளைஞர் கையில் இருக்கட்டும். ஊர்தோறும் ஒரு படிப்பகமும் ஒரு விளையாட்டுக் களமும் அமையட்டும். சிறைச்சுவரினும் அவை செலவு குறைந்தவை, வலிமை மிக்கவை.

ஊர் விழிக்க! இளையோர் உயர்க!