எதிரில் நிற்பவனே எதிரி!

("வீடியோ கேம் கதைகளில் ஒருவரை வில்லன் ஆக்குவது அவர் குணமா, அவர் நிற்கும் இடமா?" என்ற பட்டிமன்றத்தில், 'நிற்கும் இடமே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க: "கெட்ட குணம் இருந்தா வில்லன், அவ்வளவுதான்!" அம்மா, நம்ம தமிழ் அப்படிச் சொல்லலையே! 'எதிரி' என்ற சொல்லைப் பாருங்க. எதிரில் நிற்பவன் எதிரி. அதுல 'கெட்டவன்'ங்கிற பொருள் எங்கே இருக்கு? இப்போ நீங்க எனக்கு எதிர்வரிசை. நீங்க கெட்டவங்களா? (சிரிப்பு)

1981-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஒரு குரங்கு, ஒரு பெண்ணைத் தூக்கிக்கிட்டு உச்சியில் போய் நிற்குது. கீழேயிருந்து ஏறி வருகிறவன்தான் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற மாரியோ. குரங்கு பீப்பாயை உருட்டுது. அவன் தாவித் தாண்டுகிறான். வில்லன் யார்? குரங்கு. சரி!

அடுத்த வருஷமே, 1982-இல், 'டாங்கி காங் ஜூனியர்' வந்தது. இப்போ அந்தக் குரங்கு கூண்டுக்குள்ளே! பூட்டி வெச்சது யாரு? நம்ம மாரியோ! அப்பனை மீட்க வருது குட்டிக் குரங்கு. அந்தக் குட்டியாக விளையாடுவது நம்ம பிள்ளை. நேற்றைய கதாநாயகன் இன்றைக்கு வில்லன். நடுவர் அவர்களே, மாறியது இடம்! (கைதட்டல்)

"அது குழந்தைகள் சமாச்சாரம்"னு சொல்வீங்க. பெரியவங்களுக்கான விளையாட்டுக்கே வர்றேன். 2013-இல் வந்தது 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. கொள்ளைநோய் உலகத்தையே சூறையாடிடுச்சு. எல்லி என்ற சிறுமியின் உடம்பில் மருந்துக்கு வழி இருக்கு. ஆனா அறுவை சிகிச்சை செய்தா அவ உயிர் போயிடும். பெற்ற மகளைப் பறிகொடுத்த ஜோயல், இவளை மகளாகவே நினைக்கிறான். கத்தியோடு நிற்கும் மருத்துவரைக் கொன்னுட்டு இவளைத் தூக்கிட்டு வர்றான். சினிமான்னா வேடிக்கை பார்த்திருப்போம். இங்கே பொத்தானை அழுத்துவது நம்ம விரல்! அந்த மருத்துவருக்கும் ஒரு வீடு இருக்குமேன்னு அப்போ தோணுமா?

2020-இல் இரண்டாம் பாகம். மருத்துவரின் மகள் ஆபி வந்து ஜோயலை அடிச்சே கொல்லுறா. நமக்கு ரத்தம் கொதிக்குது. எல்லியாக மாறி அவளைத் துரத்துறோம். பாதிக் கதையில் என்ன பண்ணினாங்க தெரியுமா? "இனி நீ ஆபியா விளையாடு"ன்னுட்டாங்க! அவளுக்கும் அப்பா இருந்தார், சிநேகிதர்கள் இருக்காங்க, மனசுல ஒரு நியாயம் இருக்கு. ஒரு கட்டத்துல ஆபியாக நின்று எல்லியை அடிக்கணும்! இவ்வளவு நேரம் நானாக இருந்தவளே எனக்கு எதிரி!

ஒருவன் மகளுக்காகக் கொன்றான். ஒருத்தி தகப்பனுக்காகக் கொன்றாள். குணத்தில் என்ன பெரிய வித்தியாசம்? கதை நம்மை எங்கே நிறுத்துதோ, அதற்கு எதிர்ப்பக்கம் வில்லன்!

தாய்மார்களே, பிள்ளை விளையாடி முடிச்சதும் "ஜெயிச்சியா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "அந்த வில்லன் பக்கம் நின்னா இந்தக் கதை எப்படி இருக்கும்?"னு கேளுங்க. எதிரில் நிற்பவனுக்கும் ஒரு வீடு உண்டுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுட்டா, பள்ளிக்கூடத்துச் சண்டை பாதி குறையும். நம்ம வீட்டுச் சண்டையும் பாதி குறையும்!

ஆகவே, நிற்கும் இடமே என்று தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)