முள் காட்டும் அளவும் உள்ள அளவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுதல் மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, பழைய மோட்டார் காரின் முகப்புப் பலகையில் உள்ள ஒரு சிறு முள்ளைப் பற்றிப் பேச யாம் எடுத்துக்கொண்டோம். டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கின்றது என்பதைக் காட்ட வேண்டிய முள் அது. நம் காலனியில் அம்பாசிடரையும் பத்மினியையும் இன்றும் போற்றிக் காத்துவரும் வீடுகள் உண்டு. அம்பாசிடர் கார் உத்தரபாராவில் உருவாவது 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே நின்றது. வண்டி முதுமை எய்தும்போது அதன் முள்ளும் முதுமை எய்துகின்றது. முள் பிழைபடுமானால் நாம் என் செய்தல் வேண்டும்? இதுவே இன்றைய பொருள்.

நகரத்தில் பெட்ரோல் தீர்ந்தால் அது ஒரு தொல்லை, அவ்வளவே. யாரேனும் ஒருவர் பங்கிற்கு நடந்து சென்று வருவார். மலையில் நிலைமை வேறு. போனக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் அகத்தியமலையின் அடியில் உள்ள அத்தேயிலைத் தோட்டத்தை அடையலாம். 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் கூடத்திற்கு ஏறுவோர் நடக்கத் தொடங்கும் இடமும் அதுவே. தமிழ்நாட்டினின்று கொழுந்து பறிக்கச் சென்ற குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்தன. தேயிலை ஆலை ஓய்ந்தபின் பலர் மலையிறங்கிவிட்டனர். வேறு போக்கிடமின்றி அங்கேயே தங்கியவரும் உண்டு. விதுரா வரையில் ஊர்களும் கடைகளும் நம்மோடு துணைவருகின்றன. அதற்கப்பால் காடு, குறுகிய, வளைந்த, ஏறுமுகமான சாலை. எல்லா வளைவிலும் கைப்பேசி பேசும் என்று நம்புதற்கில்லை. நள்ளிரவில் ஒரு முதியவர்க்கு மூச்சுத் திணறினால், ஒரு தாய்க்குப் பிள்ளைவலி கண்டால், அந்த லயத்து வாயிலில் நிற்கும் பழைய காரிலோ ஜீப்பிலோ பெட்ரோல் உண்டா இல்லையா என்பது உயிர்க்கணக்கு. முள் பாதி என்று காட்டுவதால் மட்டும் வண்டி நகர்ந்துவிடாது.

அம்முள் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை முதலில் அறிதல் நலம். டாங்கியினுள் ஒரு மிதவை இருக்கின்றது. அது ஒரு கம்பிக் கையின் நுனியில் பொருந்தி, பெட்ரோலின் மேல் மிதந்து, அளவு ஏற ஏறத் தானும் ஏறும். குறையக் குறையத் தானும் இறங்கும். அக்கையின் மறுமுனை, நுண்ணிய மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு சிறு பலகையைத் தொட்டுக்கொண்டே நகரும். தொடும் இடத்திற்கேற்ப மின்சாரம் மிகும் அல்லது குறையும். அந்த மின்சாரம் ஒற்றை ஒயர் வழியாக முகப்புப் பலகைக்கு வந்து முள்ளை அசைக்கின்றது. மின்சாரம் மீளும் வழி வண்டியின் உடலே.

இத்தனை எளிய அமைப்பில் பிழை எங்கே புகுகின்றது? பித்தளை மிதவையின் ஈயப்பற்று விட்டுப்போனால் உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கும். டாங்கி நிறைந்திருந்தாலும் முள் வெறுமை காட்டும். மின்தடைக் கம்பி ஓரிடத்தில் தேய்ந்துபோனால் முள் அவ்விடத்தில் மட்டும் துள்ளும் அல்லது விழும். டாங்கியைச் சுற்றித் துருவேறினால் எர்த் இணைப்புக் கெட்டு முள் தன் விருப்பம்போல் ஆடும். கம்பிக் கை வளைந்திருந்தால் எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டும். சில வகைக் கார்களில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்பநிலை முள்ளுக்கும் மின்னழுத்தத்தைச் சீராக அளிக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. இரு முட்களும் ஒரே நேரத்தில் பிழைபட்டால் டாங்கியைக் கழற்ற விரைதல் வேண்டா. அப்பெட்டியையும் அதன் எர்த் இணைப்பையும் முதலில் பார்த்தல் வேண்டும்.

குற்றம் முள்ளிலா, மிதவையிலா என்று காண மெக்கானிக்குகள் எளிய வழி ஒன்று வைத்திருக்கின்றனர். டாங்கியிலிருந்து வரும் ஒயரை முகப்புப் பலகையின் பக்கம் கழற்றினால் முள் ஒரு கோடிக்குச் செல்லும். அம்முனையை வண்டியின் உடலோடு சிறிது நேரம் தொடச் செய்தால் மறுகோடிக்குச் செல்லும். எது நிறைவு, எது வெறுமை என்பது வண்டிக்கு வண்டி மாறும். இருகோடிக்கும் முள் ஒழுங்காகச் சென்றால் முள் நலமே. குற்றம் ஒயரிலோ மிதவையிலோ உள்ளது. இச்சோதனையை டாங்கியின் அருகே செய்தல் கூடாது. ஒரு பொறி பறந்தாலும் பெரும் தீங்காகும். மாற்று மிதவை கடையில் கிடைக்கவில்லையேல் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் தேடலாம். பொருந்தாத வேறு வண்டியின் மிதவையை மாட்டினால் பழைய பொய் போய்ப் புதிய பொய் வந்து சேரும்.

பழுது பார்க்கும் வரையில் என் செய்வது? அன்பர்களே, எம் கருத்தின் உயிர்நிலை இதுதான்: முள்ளை முழுதும் நம்பவும் வேண்டா, முழுதும் தள்ளவும் வேண்டா, அதற்கருகே இன்னொரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நம் தாய்மார்கள் அரிசிப் பானையைத் திறந்து பாராமலே இன்னும் எத்தனை நாளைக்கு அரிசி வரும் என்று கூறுவர். வாங்கிய அளவும் நாள்தோறும் உலையில் இட்ட அளவும் அவர்கள் நினைவில் உண்டு. அந்த அறிவே இங்கும் வேண்டுவது.

டாங்கியை வாய் வரை நிரப்புங்கள். அப்போது வண்டி ஓடிய தூரம் காட்டும் எண்ணை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுமுறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் ஆயிற்றென்றால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர். நான்கைந்து முறை எழுதினால் உங்கள் வண்டியின் இயல்பு உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். 40 லிட்டர் டாங்கி 400 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குக் கூறினாலும், 300-ஐ எட்டுமுன் நிரப்பிவிடுவதே அறிவுடைமை. டாங்கியின் அடியில் துருவும் நீரும் படிந்திருக்கும். பழைய வண்டியைக் கடைசித் துளி வரை ஓட்டினால் அக்கசடு கார்புரேட்டரை அடைக்கும்.

மலைக்கணக்கைத் தனியே எழுதுதல் வேண்டும். மேலே கூறிய வண்டி திருவனந்தபுரத்தினின்று போனக்காடு சென்று மீள 120 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கில் 12 லிட்டர். ஏற்றத்தில் கீழ் கியரில் ஏறும் வண்டிக்கு அது போதாது. 16 லிட்டர் என்று கொள்வோம். இரவில் ஒருவரை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துவர நேரின் அதற்கு 6 லிட்டர். ஆக 22. எனவே 25 லிட்டருக்குக் குறையாமல் கொண்டு புறப்படுதலே முறை. இக்கணக்கை விதுராவிலேயே மறுபடியும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். காட்டு வளைவில் நின்று கணக்குப் பார்த்துப் பயனில்லை.

மேலும், சாய்வான சாலையில் நல்ல முள்ளும் பொய் கூறும். ஏற்றத்தில் பெட்ரோல் டாங்கியின் பின்புறம் ஒதுங்கும். மிதவை பின்புறம் இருந்தால் மிகுதியாகவும், முன்புறம் இருந்தால் குறைவாகவும் காட்டும். ஆகவே வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திச் சிறிது நேரம் கழித்தே முள்ளைப் பார்த்தல் வேண்டும்.

கணக்கு வைத்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்களாயின், போதாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியல் நகரினின்று ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் அளவுகாட்டிகள் வேலை செய்யவில்லை. அளவிடும் கருவியில் ஓர் ஈயப்பற்று சரியாகப் பற்றாமலிருந்தது பின்னர் தெரியவந்தது. நம் பழைய காரின் நோய்தான்! கோலிட்டு அளந்தனர், 7,682 லிட்டர் இருந்தது. கோல் பொய் கூறவில்லை. ஆனால் லிட்டரை எடையாக மாற்றும்போது 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். அது பவுண்டுக்கு உரிய எண். கிலோகிராமுக்கு உரியது ஏறத்தாழ 0.8. 22,300 கிலோகிராம் தேவைப்பட்ட விமானம் அதில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றிக்கொண்டு வானிற் பறந்தது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர, இரு எஞ்சின்களும் ஓய்ந்தன. விமானத் தலைவர் ராபர்ட் பியர்சன், எஞ்சின் இல்லா மிதவை விமானங்கள் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் அதனைச் சறுக்கி இறக்கினார். உள்ளிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

இதில் நமக்குப் பாடம் யாது? முள் பழுதென்று அவர்கள் அறிந்தேயிருந்தனர். இரண்டாவது கணக்கையும் வைத்தனர். அக்கணக்கின் அலகைச் சரிபார்க்கவில்லை. பழைய கார் வைத்திருப்போர்க்கு இவ்விடர் மிக அண்மையது. மைலில் ஓடிய தூரம் காட்டும் வண்டிகள் இன்றும் உள்ளன. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். பழைய கையேட்டில் உள்ள ஆங்கிலேய காலன் 4.546 லிட்டர், அமெரிக்க காலனோ 3.785 லிட்டரே. எந்த அலகில் எழுதுகின்றோம் என்பதைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். தூரம் காட்டும் எண்ணையும் சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

முள்ளே இல்லாமல் ஓடிய வண்டிகளும் உண்டு. 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு டி மாடலில் முன் இருக்கையின் கீழ் இருந்த டாங்கியில் மரக்கோலை விட்டு அளந்தனர். பெட்ரோல் தானே வழிந்து எஞ்சினுக்குச் செல்லும் அமைப்பாதலின், பெட்ரோல் குறைந்தபோது செங்குத்தான மேட்டில் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினர்! ஃபோக்ஸ்வாகன் வண்டியில் பல ஆண்டுகள் முள் இல்லை. காலருகே ஒரு ரிசர்வ் குழாய் இருந்தது. நம் மோட்டார் சைக்கிள்களில் உள்ள ரிசர்வும் அத்தகையதே. ஓட்டுபவர் மறப்பார், கருவி பிழைபடும் என்று முன்னரே எண்ணிக் கடைசிச் சில லிட்டரை ஒதுக்கிவைத்த நல்லறிவு அது.

இனிச் செய்யத் தகாதன சில கூறுவோம். டாங்கியினுள் பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள்; ஒரு மிடறு நுரையீரலுக்குச் சென்றாலும் உயிருக்கே கேடாகலாம். பிளாஸ்டிக் புட்டியில் பெட்ரோலை நிரப்பிக் குழந்தைகள் அமரும் இருக்கையின் கீழ் வைக்காதீர்கள். முள் வழக்கத்தினும் விரைந்து இறங்கினால், ‘இம்முள் எப்போதும் பொய்தானே கூறும்’ என்று இருந்துவிடாதீர்கள். வண்டியின் அடியில் ஈரம் உண்டா, பெட்ரோல் வாடை வருகின்றதா என்று உடனே இறங்கிப் பாருங்கள். பொய்யனும் ஒருநாள் உண்மை கூறுவான். அன்று நாம் கேளாதிருந்தால் இழப்பு நமதே. வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோர் வண்டி ஓட்டுவதானால் குறிப்பேடு வண்டியிலேயே இருக்கட்டும். தந்தை எழுதியதை மகள் படிக்கவும், மகள் நிரப்பியதைத் தந்தை அறியவும் அதுவே வழி.

பழைய வண்டியை விற்றுவிடுங்கள் என்று யாம் கூற வரவில்லை. அதன் குறையை அறிந்து, அக்குறைக்கு ஈடாக நம் விழிப்பை வைத்தால் இன்னும் பல ஆண்டுகள் அது நம்மைச் சுமக்கும். அடுத்த விடுமுறைக்கு மலையேறும் முன், உங்கள் கார் டாங்கியை ஒருமுறை வாய் வரை நிரப்பி அந்த முதல் எண்ணை எழுதுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.