திரையில் தெரியும் நம்பர் சாட்சி அல்ல

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை இன்டர்நெட்டில் பேசுகிறது. லயத்தில் இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன்தான். அப்படியிருந்தும் குரல் எப்படி வந்து சேருகிறது?

குரல் சிறு சிறு துண்டுகளாகி, இன்டர்நெட் வழியாக ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. இதைத்தான் 'கிளவுட்', மேகம் என்கிறார்கள். நம்ம மலையை மூடும் மேகமல்ல. எங்கோ பெரிய கட்டடங்களில் இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்கள். அங்கிருந்து 'கேட்வே' என்ற வாசலைக் கடந்து, சாதாரண தொலைபேசி வழியில் ஏறி நம்ம போனில் மணி அடிக்கிறது. ஸ்கைப் 2004இல் இவ்வசதியைக் கொடுத்தது. 2025 மே மாதம் அது மூடப்பட்டது. ஆனால் இந்த முறை மூடப்படவில்லை. இன்று பல கம்பெனிகள் இப்படித்தான் கோல் எடுக்கின்றன.

நல்ல வசதிதான். ஆனால் ஒரு ஆபத்தும் உண்டு. கடித உறையில் அனுப்புநர் விலாசத்தை யாரும் எப்படியும் எழுதலாம் அல்லவா? போய்ச் சேரும் விலாசம் சரியாக இருந்தால் தபால்காரர் கொடுத்துவிடுவார். கோலும் அப்படியே. எங்கிருந்து வருகிறது என்ற நம்பரை அனுப்பும் பக்கம்தான் எழுதுகிறது. எல்லா வாசலிலும் அதைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே 051 என்று தெரிந்தாலும் பேசுகிறவர் ஹட்டனில்தான் இருக்கிறார் என்பது நிச்சயமில்லை.

"பேங்கிலிருந்து பேசுகிறோம், போனுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது? சொல்லவே கூடாது. கோலை வெட்டிவிடுங்கள். பேங்க் புத்தகத்தில் உள்ள நம்பரைப் பார்த்து நீங்களே அழுத்துங்கள். அது போய்ச் சேரும் விலாசம். உரிய இடத்துக்கே போகும். கொழுந்து பறித்துச் சேர்த்த காசும், சேமலாப நிதிப் பணமும் ஒரு நிமிடத்தில் போய்விடக் கூடாது.

இன்னொன்று. இராத்திரியில் வருத்தம் என்றால் வாட்ஸ்அப்பில் அம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. சாதாரண கோலில் 1990 அழுத்த வேண்டும். 2016இல் தொடங்கிய இலவச சேவை அது. பொலிஸுக்கு 119. இந்த இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அழுத்தப் பழக்கிவிடுங்கள்.