கத்திப்பிடிக்கு எந்தக் கட்டை?

(தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கவ்வாத்துக் கத்தியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. கத்தி என்றாலே எல்லோரும் அலகைப் பற்றித்தான் பேசுவார்கள். என்ன இரும்பு, யார் அடித்தது, கூர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்பார்கள். பிடியைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் காலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறியதிலிருந்து வேலை விடும் வரைக்கும் நம்ம உள்ளங்கையில் கிடப்பது பிடிதான். அதனால் இன்றைக்கு நாங்கள் அலகை விட்டுவிட்டுப் பிடியைப் பற்றியே பேசப் போகிறோம்.

ஒரு மலை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்துக்கு வரும். உயரமான தோட்டங்களில் இன்னும் கொஞ்சம் தள்ளி வரும். வாதை ஒரே வெட்டில் சரிவாக வெட்ட வேண்டும், பட்டை கிழியக் கூடாது. கிழிந்தால் அதில் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப் போகும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிடி ஆடுகிற கத்தியில் என்ன நடக்கிறது? வெட்டு விழுகிற நேரத்தில் அலகு கொஞ்சம் திரும்பிவிடும். அப்போது வாதும் கிழியும், சில நேரம் அலகு வழுக்கி வேறு பக்கம் போகும். வாதை ஒதுக்குகிற இடது கை பக்கத்திலேயே இருக்கிறது, முழங்காலும் கிட்டத்தான் இருக்கிறது. மழையும் பனியும் சேர்ந்து விரல் விறைத்துப் போன நேரத்தில் பிடி ஆடுவதுகூடத் தெரியாது.

அப்படியென்றால் எந்தக் கட்டை நல்லது? எங்களைக் கேட்டால் முதலில் கொய்யா. இறுக்கமான கட்டை, நார் நெருக்கமாக ஓடும், அடி வாங்கினாலும் லேசில் பிளக்காது. லயத்துக் கொல்லையிலேயே நிற்கிற மரம், காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வெட்டிய அன்றைக்கே செதுக்கிப் பூட்டக் கூடாது. பச்சைக் கட்டை காயக் காயச் சுருங்கும். கத்தியின் வால் போன துளை பெரிதாகும், இல்லாவிட்டால் பிடி நெடுக வெடிக்கும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே பரணில் போட்டு உலர்த்துகிறவர்கள் உண்டு. சூட்டில் வெளிப்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விழும். பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் மெழுகுதிரியை உருக்கித் தடவி, காற்றோட்டமான நிழலில் சில மாதம் போட்டு வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் கட்டை தயார்.

நடுக்குருத்து உள்ள துண்டை எடுக்காதீர்கள். கொஞ்சம் தடித்த கிளையாகப் பார்த்து இரண்டாகப் பிளந்து, குருத்தைத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கட்டையில் பிடி செய்யுங்கள். நார் பிடியின் நீளத்துக்கே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும்.

கோப்பி மரமும் மிக நல்லது. 1869-இல் இலைத் துரு நோய் வந்து இந்த மலைகளிலே கோப்பி அழிந்து, பிறகு தேயிலை வந்த கதை எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் லயத்து ஓரத்திலே ஒன்றிரண்டு கோப்பிச் செடி இன்னும் நிற்கிறது. கட்டை பாரமானது, வழுவழுப்பாக வரும், பருமன்தான் கிடைக்காது. பழைய மலையில் தூர் பிடுங்கும்போது வருகிற தேயிலைக் கட்டையும் அதே மாதிரி இறுக்கமானது. எல்லாவற்றையும் விறகுக்குப் போடாமல் நேரான துண்டு ஒன்று அகப்பட்டால் எடுத்து வையுங்கள்.

கையெட்டும் தூரத்தில் சபுக்கும் டர்பன்டைனும் நிற்கின்றன. சபுக்கு லேசான கட்டை, வேலைக்கு இலகு, ஆனால் பிளக்கும். டர்பன்டைன் காயும்போது முறுகி வெடிக்கும். அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான். பலாக் கட்டையைக் கறையான் அவ்வளவாக அண்டாது, பிடிக்கும் நல்லதுதான். ஆனால் பலா மரத்தைத் தறிக்க அனுமதி வேண்டும். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு பிடிக்காக வம்பை வாங்காமல், காற்றில் முறிந்து விழுந்த கிளையைப் பயன்படுத்துங்கள். அலரியைத் தொடவே வேண்டாம். அதன் கட்டை, பால் எல்லாமே நஞ்சு. சேங்கொட்டை இனத்து மரங்களும் அப்படித்தான், பால் பட்ட இடம் கொப்பளித்துவிடும்.

எருமைக் கொம்பில் பிடி போட்டால் அழகாக இருக்கும் என்று ஒரு பெரியவர் போன தடவை சொன்னார். உண்மைதான். கண்டி ராஜாக்கள் காலத்துப் ‘பிஹா கெட்ட’ என்ற கத்திகளுக்குத் தந்தத்திலும் கொம்பிலும் வெள்ளியிலும் பிடி போட்டிருக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் அந்த வேலைப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அது இடுப்பில் செருகி சபையில் நிற்கிறவர்களின் கத்தி. நாள் முழுக்க மழையில் நனைந்தால் கொம்பு முறுகும், சும்மா வைத்தால் பூச்சி தின்னும்.

பிளாஸ்டிக் பிடி தண்ணீர் குடிக்காது, கழுவ லேசு. மீன், இறைச்சி வெட்டுகிற சமையல் கத்திக்கு அதையே நாங்களும் சொல்லுவோம். கவ்வாத்துக்கு வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மரப்பிடிக்கு மேலே சைக்கிள் டியூப் மாட்டுகிறீர்களே, அதிலும் ஒரு கரைச்சல் இருக்கிறது. பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தண்ணீர் தங்கி வால் துருப்பிடிக்கும், கட்டையில் விழுந்த வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாது. மாட்டத்தான் வேண்டுமென்றால் வேலை முடிந்ததும் கழற்றிக் காய வையுங்கள்.

பூட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்குவது பழைய வழக்கம். அப்படி இறக்கினால் துளையைச் சுற்றிக் கட்டை கரியாகும், கரி உதிர உதிர கத்தி ஆடும். முதலில் கொஞ்சம் சின்னத் துளை போட்டு, பிறகு அளவாகப் பெருப்பித்து, இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசையை விட்டு இறக்குங்கள். வாய்ப்பக்கத்தில் இரும்புப் பூண் கட்டாயம் வேண்டும்.

வடிவம் உருண்டையாக இருக்கக் கூடாது, கோழிமுட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். அடியில் சின்னதாக ஒரு கொண்டை விட்டால் நழுவாது. பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனி கட்டைவிரலின் அடிச்சதையைத் தொடுகிற மாதிரி வந்தால் உங்கள் அளவு அதுதான். ஒருத்தர் கைக்குச் சரியான பருமன் இன்னொருத்தருக்குச் சரிவராது. புல்லு வெட்டவும் சுரண்டி பிடிக்கவும் போகிற பெண்களுக்கு ஆம்பிளைக் கைக்குச் செய்த பிடியைக் கொடுத்தால் சாயந்தரம் மணிக்கட்டு வலிக்கத்தானே செய்யும்?

ஒரு தோட்டத்தில் பளபளவென்று வார்னிஷ் அடித்த உருண்டைப் பிடி, ஒரே அளவில், எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் எல்லாப் பிடியிலும் சாக்குக் கயிறு சுற்றியிருந்தது. வார்னிஷ் வியர்வையில் வழுக்கும், கையையும் கொப்பளிக்க வைக்கும். அதற்குப் பதிலாக லின்சீட் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை! லின்சீட் எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்தால் வரிசையே போய்விடும். அந்தத் துணியைத் தண்ணீரில் நனையுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துப் போடுங்கள்.

துரைமாரிடமும் ஒன்று கேட்கிறோம். கத்தி வாங்குவதற்கு முன்னால் கவ்வாத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று அளவில் வாங்குங்கள். பிடி ஆடினால் அன்றைக்கே மாற்றுக் கத்தி கொடுங்கள். ஆடுகிற கத்தியோடு மலைக்குப் போ என்று கங்காணி சொல்லக் கூடாது, போகிறவரும் பேசாமல் போகக் கூடாது.

வெட்டுப் பட்டால் சின்னக் காயம் என்று கொழுந்தைக் கசக்கி வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். கழுவி, டிஸ்பென்சரிக்குப் போய், ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். அன்றைக்கே ஆபீசில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934-ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத காயத்தைப் பிறகு காட்டுவது கஷ்டம்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பிடி ஆடுகிற கத்தி வைத்திருக்கிறவர்கள் முன்னுக்கு வாருங்கள். தச்சுவேலை தெரிந்த இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், காய்ந்த கொய்யாக் கட்டையும் கொஞ்சம் இருக்கிறது. கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள், பிள்ளைகள் ஓடுகிற இடம்.