மூட்டுவலியும் மூச்சிரைப்பும்
(மெர்கோங்கில் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். கெடா தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவன். உடல் நலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இனிப்புநீரைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஆகவே என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்தை விற்றபின் சுங்கைப் பட்டாணியில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஐம்பதைத் தாண்டியதும் காலையில் கைவிரல்கள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். வெந்நீரில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கரண்டியைப் பிடிக்க முடியும். மூட்டுவாதம் என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். 2014 தைப்பூசத்தில் பால்குடத்தோடு நடந்தவர் பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குமுன் சில மாதங்களாகவே வறட்டு இருமல் இருந்தது. ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று பம்பு கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் காசநோயாக இருக்குமோ என்று மூன்று முறை சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "வயசாயிடுச்சு தம்பி, வேறென்ன" என்பார். நானும் நம்பினேன். ஊராருக்கெல்லாம் மருந்து கொடுத்தவன், என் வீட்டு நோயைக் கண்டுகொள்ளவில்லை. ஓராண்டுக்கு மேல் வீணாயிற்று.

கடைசியில் ஓர் இளம் பெண் மருத்துவர் அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். காலணிப் பட்டையைப் பிரிக்கும்போது வருமே, அதுபோன்ற சரசரப்பு நுரையீரலின் அடிப்பகுதியில் கேட்டது. என்னையும் கேட்கச் சொன்னார். பிறகு, "கையைக் காட்டுங்கள் அம்மா" என்றார். மூட்டையும் மூச்சையும் சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தாம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றுக்கும் இரத்த நாளங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் காகிதத்தைவிட மெல்லியது. பிராணவாயு அதன் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சுவர் வீங்கித் தழும்பேறித் தடித்துவிடுவதே இந்த நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் சொந்த உடலையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மூட்டுவாதத்தில் மட்டுமன்றி, தோல் இறுகும் நோய், தசை அழற்சி, கண்ணும் வாயும் வறளும் நோய் ஆகியவற்றிலும் இது வரும். சிலருக்கு மூட்டு வலிக்குமுன்பே நுரையீரல் கெடுவதும் உண்டு. தசை அழற்சியில் காணப்படும் 'ஜோ-1' என்ற எதிர்ப்பொருளுக்கு, அது முதலில் கண்டறியப்பட்ட நோயாளியின் பெயரெழுத்துகளையே வைத்திருக்கிறார்கள்; அவருக்கும் நுரையீரலில் இதே தொல்லை இருந்தது.

இது எங்கோ உள்ள நோய் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் 27 மருத்துவ நிலையங்கள் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை நுரையீரல் நோயுற்றோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குக் காரணம் இத்தகைய தன்னெதிர்ப்பு நோயே. நம் நாட்டு மருத்துவமனைகளில் மூட்டுவாதத்துக்கு வருவோரில் இந்தியர்கள், மக்கள்தொகையில் நமக்குள்ள விகிதத்தைவிட மிக அதிகம். மலேசியப் பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நூல், துணித் தூசியில் வேலை செய்தவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. அதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அக்காவுக்கு அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்த வேலைக்குப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற முடிவைப் பார்த்தவுடன் கலங்கவும் வேண்டாம். நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் சிலருக்கு அது இருக்கும். விறைக்கும் விரல்களோ குளிரில் வெளுத்து நீலமாகும் விரல்களோ இருந்து, கூடவே வறட்டு இருமலும் படியேறும்போது இரைப்பும் இருந்தால், இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாதது சி.டி. ஸ்கேனில் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

இன்னொன்று, கோபத்தோடு சொல்கிறேன். சந்தையில் மூட்டுவலிக்கென்று விற்கும் பொடிகளும் ஜாமுவும்! அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் அதிகாரிகள் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். வலி மறைகிறது, நோய் உள்ளே வளர்கிறது. அக்காவும் ஆறு மாதம் தின்றார்.

தழும்பேறிய இடம் திரும்ப மென்மையாகாது. ஆனால் வீக்கமாக இருக்கும்போதே பிடித்தால் மருந்துண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் உள்ளன. தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடனிப் என்ற மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வுகள் 2019-இல் வெளிவந்தன, விலை அதிகம். அக்காவுக்கு மாத்திரைகள் பலன் தந்தன. மேலும் ஐந்து ஆண்டுகள் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் வீட்டில் பிராணவாயு இயந்திரத்தோடு. பிள்ளைகள் சேர்ந்து வாங்கினார்கள்.

அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. அக்கா போனபின் பழுது பார்த்து, பீடோங்கில் ஒரு தாயாருக்குக் கொடுத்தோம். அவருக்கு அடுத்து இன்னொருவர் காத்திருக்கிறார். இந்த அறநிதியில் அப்படி இரண்டு இயந்திரங்கள் இரவல் தர இருந்தால், பராமரிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.