ஓல்னித் தோட்டத்தில் ஒரு வழி

சிலருக்கு அங்கே நடுராத்திரி, சிலருக்கு விடிகாலை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இம்மானுவேலின் இரத்தத்தைப் பற்றி நம் சபைகளில் ஒரு பழைய பாமாலைப் பாட்டு உண்டு. அதை ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர். 'தி டாஸ்க்' எழுதிய கவிஞர் என்று இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். கடும் மனச்சோர்வு நோய் அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியது என்பது பாட்டைப் பாடுகிற பலருக்குத் தெரியாது.

1731இல் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். 1763இல் பிரபுக்கள் சபையில் ஒரு எழுத்தர் பதவிக்குத் தேர்வுக்கு நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பயத்திலேயே உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல இல்லத்தில் சேர்த்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிய காலம் அது. காட்டன் அன்பாக நடத்தினார். அங்கேதான் 1764இல் ரோமர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தபோது, தனக்கும் மன்னிப்பு உண்டு என்று கூப்பருக்கு உறைத்தது.

சாட்சிக் கூட்டமாக இருந்தால் கதையை இங்கே நிறுத்திவிடுவோம். எல்லோரும் அல்லேலூயா சொல்வோம். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

வெளியே வந்தவரை ஹண்டிங்டனில் அன்வின் குடும்பம் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டது. குடும்பத் தலைவர் இறந்த பிறகு, அவர் மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். அங்கே போதகர் ஜான் நியூட்டன். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டன், 'அமேசிங் கிரேஸ்' எழுதியவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேறொருவருடைய பழத்தோட்டம். அதன் வழியே நடந்துபோக வருடத்துக்கு ஒரு கின்னி கட்டினார்கள். தெருவைச் சுற்றிப் போனால் என்ன என்று கேட்கலாம். நோயாளி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களின் விலை தெரியும்.

1773இல் நோய் திரும்பியது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒரு கனவு கண்டார்; அதை அவர் கடைசிவரை நம்பினார். ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்தவர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். உயிருக்கு ஆபத்தான நோயாளியை இரவும் பகலும் கண்காணிப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். வார்டில் எட்டு மணி நேரத்திலோ பன்னிரண்டு மணி நேரத்திலோ ஆள் மாறுவோம். நியூட்டனுக்கும் மேரிக்கும் ஷிப்ட் கிடையாது.

நியூட்டன்தான் நரகத்தைச் சொல்லி அவரைப் பைத்தியமாக்கினார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. 1763இல் கூப்பர் உடைந்தபோது நியூட்டனோடு அவருக்குப் பழக்கமே இல்லை. நோய் எந்த மொழியில் பேசியது என்பதில் அவருடைய விசுவாசத்துக்குப் பங்கு இருக்கலாம். நோயை உண்டாக்கியது அதுவல்ல. நம் வீடுகளில் இன்றைக்கும் இதைக் குழப்பிக்கொள்கிறோம். 'விசுவாசம் குறைவு, ஜெபித்தால் போதும்' என்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். இது இலக்கியக் கூட்டம்தான், இருந்தாலும் நர்ஸாகச் சொல்லிவிடுகிறேன்: டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

1774இல் அவருக்கு முயல்கள் வந்தன. பஸ், டைனி, பெஸ் என்று மூன்று. தச்சு வேலை, தோட்ட வேலை, பிறகு கவிதை. 1779இல் 'ஓல்னி ஹிம்ஸ்' வெளிவந்தது. 348 பாடல்களில் 60க்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. நாம் பாடுகிற பாட்டும் அதில் இருக்கிறது. ஆனால் 1773க்குப் பிறகு அவர் ஆலயத்துக்குள் ஆராதிக்கப் போகவே இல்லை. அங்கே தனக்கு இடமில்லை என்று நினைத்தார்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்குகிறார்கள். இயேசு பார்ப்பது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. படுக்கையில் கிடப்பவன் என்ன நம்பினான் என்று அந்த இடத்தில் சொல்லப்படவில்லை. கூப்பரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும்.

பின்னாளில் மேரிக்குப் பக்கவாதம் வந்தது. இருபது வருடங்களுக்கு மேல் தன்னைப் பார்த்துக்கொண்டவளைக் கூப்பர் பார்த்துக்கொண்டார். 1795இல் உறவினரான ஜான்சன் என்ற இளம் போதகர் இருவரையும் நார்ஃபோக்குக்கு அழைத்துப் போனார். அடுத்த வருடம் மேரி இறந்தார். 1799இல் கூப்பர் 'தி காஸ்டவே' எழுதினார். கடலில் விழுந்த மாலுமியின் கதை. கப்பலில் இருப்பவர்கள் பீப்பாய், கோழிக்கூண்டு, கயிறு என்று கிடைத்ததையெல்லாம் அவனுக்கு வீசுகிறார்கள். காற்று கப்பலை இழுத்துப் போய்விடுகிறது. அதைவிட ஆழத்தில் தான் மூழ்கியதாகக் கவிஞர் சொல்கிறார். அப்போதும் அவர் இருந்தது ஜான்சனின் பராமரிப்பில். 1800 ஏப்ரல் 25இல் அவர் இறந்தபோதும் அப்படித்தான்.

நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.